ஏழாவது கேள்வி

ஒரே காலையில் எனக்கு 14 முறை வயிறு வலித்தது. மணி அடித்தால் வலி தொடங்கும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் மணி அடித்தால் நின்றுவிடும். கதவு திறக்கும், வெள்ளைக் கோட்டு போட்ட அடுத்த பிள்ளை உள்ளே வரும், வலி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகும்.

பயந்துவிடாதீர்கள். எனக்கு எந்த நோயும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்கும் தேர்வுக்கும் நோயாளியாக நடிப்பது இப்போது என் பகுதிநேர வேலை. போய்வரும் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள், காலையில் ஒரு நாசி லெமாக் பொட்டலமும் கிடைக்கும். "இந்த வயசுல உனக்கு நடிப்பு ஆசையா?" என்று தங்கை கேலி செய்தாள். நான் இதற்குப் போனதற்குக் காரணம் வேறு.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு எங்களை அழைத்து இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் என் பெயர், வயது, தொழில், நோய் எல்லாம் இருக்கும். அன்று நான் 58 வயதுப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைப் பணியாளர். இரண்டு வாரமாக மேல்வயிற்றில் எரிச்சலோடு வலி. மாணவர் உள்ளே வந்ததும் நானாகச் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிதான். கீழே கட்டம் போட்டு இன்னும் சில செய்திகள் இருந்தன. முழங்கால் வலிக்காக மூன்று மாதமாகக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிடுகிறேன். நான்கு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது. என் தாய் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர், எனக்கும் அதுதானோ என்று உள்ளுக்குள் பயம். கட்டத்துக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு விதி: கேட்டால் மட்டும் சொல்லவும்.

முதல் முறை அந்த வரியைப் படித்தபோது தாளைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த விதியை எழுதித் தராமலே கடைப்பிடித்த ஒருவரோடு நான் 36 ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன்.

நடிக்கும் நோயாளி எப்படி வந்தார்?

நோயாளியாக நடிக்க ஆளை வைத்துக் கற்றுக்கொடுக்கும் முறையை அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். நோயோடு படுத்திருப்பவரை ஒரே நாளில் இருபது மாணவர்கள் தொந்தரவு செய்வது நியாயமில்லை. தேர்வு என்று வரும்போது எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி நோயாளி கிடைப்பதும் இல்லை. நடிப்பவராக இருந்தால் பதினான்கு பேருக்கும் அதே வலி, அதே பதில்.

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் இதற்கேற்ற தேர்வு முறை ஒன்றை வகுத்தார். வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு சோதனை, மணி அடித்தால் அடுத்த அறை. ஓர் அறையில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இன்னோர் அறையில் நெஞ்சைத் தட்டிப் பார்க்க வேண்டும், மற்றொன்றில் நோயாளியிடம் பேசி நோயின் கதையைக் கேட்க வேண்டும். என் வேலை அந்தக் கடைசி வகை அறையில். மூலையில் பரிசோதகர் ஒருவர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே இல்லாதது போல நாங்கள் இருவரும் நடந்துகொள்ள வேண்டும்.

ஸ்கேன், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை என்று இத்தனை வசதி இருக்கும்போது பேசிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த விரிவுரையாளர் ஓர் ஆய்வைச் சொன்னார். 1975-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 66 பேருக்கு, அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் படித்து நோயாளி சொன்னதைக் கேட்ட மாத்திரத்திலேயே நோய் சரியாகத் தெரிந்துவிட்டது. உடலைத் தொட்டுப் பார்த்த பிறகு கணிப்பு மாறியது 7 பேருக்கு. பரிசோதனைக்கூட முடிவு வந்த பிறகு மாறியது இன்னும் 7 பேருக்கு. கருவிகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் எந்தக் கருவியிடம் போக வேண்டும் என்று முடிவு செய்வது இன்றும் அந்தப் பேச்சுதான்.

எட்டுக் கேள்விகள்

எந்த வலியானாலும் மாணவர்கள் எட்டுக் கேள்வி கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கே வலிக்கிறது? எப்போது, எப்படித் தொடங்கியது? குத்துகிறதா, எரிகிறதா, அழுத்துகிறதா? வேறெங்காவது பரவுகிறதா? கூடவே வேறென்ன தொந்தரவு? விட்டுவிட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா? என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது? பத்துக்கு எத்தனை என்று சொல்லும் அளவுக்கு எவ்வளவு கடுமை? இந்த எட்டுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'சாக்ரடீஸ்' என்று வருமாம். கேள்வி கேட்டே வாழ்ந்த மனிதரின் பெயர்.

அதன்பிறகு முன்பு வந்த நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், என்ன வேலை, யாரோடு வாழ்கிறீர்கள், புகை, மது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் முன்னால் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், தன் பெயரைச் சொல்ல வேண்டும், நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும், பேசலாமா என்று அனுமதி வாங்க வேண்டும். இதை மறந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

அன்று வந்த 14 பேரில் ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. கெட்டிக்காரி. எட்டுக் கேள்வியும் வரிசை மாறாமல் வந்தன. ஆனால் நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்து நின்றது. "மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். தாளில் இருந்தபடி, "மருந்தா? இல்லையே" என்றேன். கடையில் வாங்கும் வலி மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதற்காகவே அந்தப் பதிலை எழுதி வைத்திருந்தார்கள். அவள் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். வயிற்றைப் புண்ணாக்கிய மாத்திரை என் கைப்பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

அவளுக்குப் பிறகு வந்தவன் ஒரு சீனப் பையன். கை நடுங்கியது. முதல் இரண்டு கேள்வி கேட்டான், மூன்றாவது மறந்துவிட்டது போலும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்தான். மாணவர் சற்று நேரம் அமைதியாகக் காத்திருந்தால் தாயைப் பற்றிய பயத்தைச் சொல்லலாம் என்று என் தாளில் ஒரு குறிப்பு உண்டு. காலையிலிருந்து அந்தக் குறிப்புக்கு வேலையே வரவில்லை. இவனிடம்தான் முதல் முறையாகச் சொன்னேன். "மக்சிக், அதனால்தான் இரண்டு வாரமாக வராமல் இருந்தீர்களா?" என்று மெல்லக் கேட்டான். பிறகு, "கடையில், சின்சே கடையில், பக்கத்து வீட்டில் என்று எங்காவது மாத்திரை, ஜாமு வாங்கிச் சாப்பிட்டீர்களா?" என்றான். மாத்திரை வெளியே வந்தது. மலத்தின் நிறத்தையும் கேட்டான். ஒவ்வாமையைக் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

இந்த மருத்துவரிடம் மறுபடியும் வருவீர்களா என்று எங்களிடமும் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 23 வயது, தூங்காத கண்கள், மூலையில் பரிசோதகர். வகுப்பறையில் நானும் பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் எத்தனை பிள்ளைகளின் பதிலைப் பாதியில் வெட்டியிருப்பேன்!

நேரம் இல்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். 1984-இல் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கிடாமல் விட்டால் நோயாளி எவ்வளவு நேரம் பேசுவார் என்பதை 2002-இல் சுவிட்சர்லாந்தில் கணக்கெடுத்தார்கள். சராசரி 92 வினாடி. 78 விழுக்காட்டினர் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே முடித்துக்கொண்டார்கள்.

மயக்கம் என்றால் என்ன?

தேர்வு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும். ஒருமுறை விரிவுரையாளர் ஒருவர் தமிழ் மாணவர்கள் ஆறு பேரை மட்டும் உட்கார வைத்துத் தமிழில் ஒரு பயிற்சி நடத்தினார். வார்டில் தமிழ்ப் பாட்டி யாராவது படுத்திருந்தால், 'நீ போய்ப் பேசிவிட்டு வா' என்று இவர்களைத்தான் அனுப்புகிறார்கள். இவர்கள் மொழிபெயர்ப்பதை வைத்துத்தான் சிகிச்சை முடிவாகிறது.

நான் தோட்டத்துப் பாட்டியாக உட்கார்ந்தேன். "ரெண்டு நாளா மயக்கமா இருக்குய்யா" என்றேன். ஒரு மாணவன் உடனே 'கிடினஸ்' என்று எழுதிக்கொண்டான். விரிவுரையாளர் அவனை நிறுத்தி, "எந்த மயக்கம்?" என்று கேட்டார். அவன் விழித்தான்.

யோசித்துப் பாருங்கள். வீடே சுற்றுவது போல இருந்தாலும் நாம் மயக்கம் என்கிறோம். அது உள்காதில் உள்ள கோளாறாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம்தான். அது இரத்த அழுத்தம் குறைந்ததாலோ, இனிப்புநீர் மாத்திரையால் சர்க்கரை இறங்கியதாலோ, உள்ளே எங்காவது இரத்தம் கசிவதாலோ வரலாம். அடுப்படியில் நினைவு தப்பி விழுந்தாலும் 'மயங்கி விழுந்துட்டா' என்கிறோம். அதற்கு இருதயத் துடிப்பில் உள்ள கோளாறு காரணமாக இருக்கலாம். வெறும் அசதிக்கும் சில பெரியவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். ஒரு சொல்லுக்குள் நான்கு நோயாளிகள். 'அப்ப என்ன ஆச்சுன்னு சொல்லுங்க பாட்டி, நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்களா, உட்கார்ந்திருந்தீங்களா?' என்று கேட்டால்தான் யார் என்று தெரியும்.

அன்று சிரிப்புக்கும் குறைவில்லை. "மலச்சிக்கல் உண்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். "அப்படின்னா?" என்றேன். அவளுக்கு வேறு சொல் தெரியவில்லை. "வெளிக்கு ஒழுங்காப் போகுதா பாட்டின்னு கேளும்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். 'மாதவிடாய்' என்றால் விழிக்கும் பாட்டி, 'தூரம்' என்றால் நின்று எத்தனை வருடம் என்று கணக்குச் சொல்லிவிடுவார். நீர்க்கடுப்பு, உளைச்சல், இரைப்பு, குமட்டல் என்று ஆறு பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். 31 ஆண்டு தமிழ் கற்றுக்கொடுத்த எனக்கு அன்றுதான் அந்தச் சொற்களின் எடை தெரிந்தது.

நான்காவது மாடி

இனி என் கதை. ஆறு ஆண்டுக்கு முந்தியது.

நாங்கள் இருப்பது மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி அடுக்குமாடி வீட்டில், நான்காவது மாடி. என் கணவருக்கு 18 ஆண்டாக இனிப்புநீர் உண்டு. ஒரு நாள் நெஞ்சுக்குழியில் எரிச்சல் என்றார். 'காஸ்திரிக்தான், நேத்து சாப்பிட்ட சம்பல்' என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை. கிளினிக்குக்குப் போனோம். கூட்டம் வாசல் வரை நின்றது. "காஸ்திரிக் டாக்டர், வாயு நிறைய இருக்கு" என்றார். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எத்தனை நாளாக என்று கேட்டார், மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

ஒன்பது நாள் கழித்து, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து பிழியும் அளவுக்கு வேர்த்திருந்தது. அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்த உடனே மாரடைப்பு என்றார்கள். அடைபட்ட குழாயைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். இருதயத்தின் ஒரு பகுதி செயலிழந்ததை மட்டும் திருப்பித் தர முடியவில்லை. இன்று கடைத்தெருவுக்கு நடந்து போய்வருவதே அவருக்குப் பெரிய வேலை.

அந்த எரிச்சல் எப்போது வந்தது தெரியுமா? படி ஏறும்போது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே கால்பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பாவனை செய்வார். சில நிமிடத்தில் சரியாகிவிடும், மறுபடி ஏறுவார். நடந்தால் வந்து, நின்றால் போகும் நெஞ்செரிச்சல், இருதயக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். இனிப்புநீர்க்காரர்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலி வராமல் இப்படி ஏமாற்றுவதும் உண்டு. என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது? எட்டில் ஏழாவது கேள்வி. அன்று யாரும் கேட்கவில்லை.

நெடுநாள் அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது முன்போல இல்லை. 'காஸ்திரிக்' என்று நோயின் பெயரையே நாங்கள் கையில் கொடுத்துவிட்டோம். அதைவிட முக்கியமானது, அந்த மூன்று நிமிடமும் நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மாடியில் அவர் நிற்பதைத் தினமும் பார்த்தவள் நான் ஒருத்திதான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த நான், 'என்னங்க, வழியில நின்னுட்டீங்க' என்று சலித்துக்கொள்ளவும் செய்தேன். அது நோயின் கதையில் ஒரு வரி என்று எனக்குத் தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அவர் சிரித்தார். "நீ நோய் இருக்கிற மாதிரி நடி. நான் நோய் இல்லாத மாதிரி நடிச்சேன், என்ன ஆச்சு பார்த்தியா" என்றார்.

நாம் செய்யக்கூடியது

கேட்கக் கற்றுக்கொள்வது மாணவர்களின் வேலை. சொல்லக் கற்றுக்கொள்வது நம் வேலை. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். 'காஸ்திரிக்' என்பதைவிட 'படி ஏறினால் இங்கே எரிகிறது' என்பது மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் வாங்கியது, ஜாமு, லேகியம், மூலிகைத் தூள், கண்ணுக்கு விடும் சொட்டு எல்லாமே மருந்துதான். நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட மருந்தின் மேல் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத மூட்டு வலி மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எச்சரித்திருக்கிறது. அதை மறைத்தால் ஆபத்து நமக்குத்தான்.

வயதானவரோடு போகிறவர்கள், அவர் பேசி முடித்த பிறகு, வீட்டில் கண்ணால் பார்த்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அவருக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசாதீர்கள். சில நேரம் வெளியே போய் உட்காரவும் வேண்டும். மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்கும்போது, 'குடிப்பீங்களா?' என்று கேட்டால் எந்த அப்பா உண்மை சொல்வார்?

போன மாதம் கணவரின் மறுபரிசோதனைக்காக மருத்துவமனையில் காத்திருந்தோம். ஒரு மலாய் மாணவி தயங்கித் தயங்கி வந்து, தன் பெயரைச் சொல்லி, "பக்சிக், உங்களிடம் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டாள். முன்பெல்லாம், 'வேற ஆளைப் பாருங்க' என்று சொல்லிவிடுவார். அன்று பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"உட்காரும்மா" என்று அவளிடம் மலாயில் சொன்னார். "எங்க வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன், எழுதிக்கோ."